கால்வே சந்தையில விக்கிற கையால செஞ்ச ஐரிஷ் பாம், சோப்பெல்லாம் நம்பி வாங்கலாமா?

கால்வே மல்லி

எல்லாருக்கும் வணக்கம். நான் கால்வேல ஹாஸ்பிடல்ல நர்ஸா இருக்கேன், அயர்லாந்து வந்து மூணு வருஷம் ஆகுது. ஊர்ல இருந்த வரைக்கும் கைக்குன்னு தனியா க்ரீம் தடவினதே கிடையாது, இங்க வந்த முதல் குளிர்லயே விரல் கணு எல்லாம் வெடிச்சு ரத்தம் கசிய ஆரம்பிச்சுடுச்சு. ஒரு ஷிஃப்ட்ல எத்தன தடவ கை கழுவுறோம், எத்தன தடவ ஜெல் போடுறோம்னு கணக்கே கிடையாது, அதுக்கு மேல க்ளவ்ஸ், வெளிய வந்தா அந்த கடல் காத்து, வீட்டுக்குள்ள வந்தா ஹீட்டிங், கைக்கு ஓய்வே இல்ல.

ஃபார்மஸில பெரிய டப்பா க்ரீம் ஒண்ணு வாங்கி போட்டுட்டு தான் இருக்கேன், கேக்குது, ஆனா நிறுத்தின மூணாவது நாள் திரும்ப அதே கதை. போன சனிக்கிழமை செயின்ட் நிக்கோலஸ் சர்ச் பக்கத்துல நடக்குற மார்க்கெட்டுக்கு போனப்ப ஒரு அம்மா சின்ன மேசை போட்டு அவங்களே வீட்ல செஞ்ச பாம் (எண்ணெயும் மெழுகும் கலந்த களிம்பு), சோப்பு, ஃபேஸ் ஆயில்லாம் வெச்சிருந்தாங்க. என் கைய பாத்துட்டு அவங்களே கூப்பிட்டு பேசினாங்க, எது எதுக்குன்னு அரை மணி நேரம் பொறுமையா சொன்னாங்க, வாங்குன்னு ஒரு வார்த்த கூட வற்புறுத்தல. கோனமாரா கடற்பாசி, காலெண்டுலா பூ, தேன்மெழுகு எல்லாம் போட்டதாம். 60 மில்லி டின் 18 யூரோ. சோப்பு 7 யூரோ. நேச்சுரல், க்ரூயல்ட்டி ஃப்ரீன்னு அட்டையில எழுதிருக்கு ஆனா மிருகங்கள் மேல டெஸ்ட் பண்ணலன்னு காட்டுற அந்த முயல் முத்திரை இல்ல.

என் பொண்ணு ஃபோர்த் க்ளாஸ் படிக்கிறா, ஸ்கூல்ல மிருகங்கள பத்தி ப்ராஜெக்ட் பண்ணதுல இருந்து வீட்ல இருக்குற ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பி முயல் இருக்கான்னு தேடுறா. "அம்மா உன் க்ரீம முயல் கண்ணுல போட்டு பாத்திருப்பாங்களா"ன்னு கேட்டா, எனக்கு பதில் தெரியல, அன்னிக்கு ராத்திரி அது மனசுலயே நின்னுச்சு. அதனால தான் கேக்குறேன், முத்திரை இல்லாத சின்ன ஆளுங்கள எப்படி நம்புறது, இயற்கைன்னா என் மாதிரி வெடிச்ச கைக்கு ஒத்துக்குமா, 18 யூரோ குடுக்கலாமா. யாராவது வாங்கி பயன்படுத்திருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

ராகிக்கூழ்

சிஸ்டர், நேச்சுரல்னு ஒரு வார்த்த ஒட்டினா விலைய ரெண்டு மடங்கு ஏத்துறாங்க, அது எல்லா ஊர்லயும் நடக்குறது தான். காஸ்மெட்டிக் சட்டத்துல நேச்சுரல்ங்குறதுக்கு வரையறையே கிடையாது, யார் வேணா எழுதிக்கலாம். நம்ம வீட்ல தேங்காய் எண்ணெய் தடவி தான வளந்தோம், ஏசியன் கடைல பாட்டில் 5 யூரோக்கு கிடைக்குது. அதையே ராத்திரி தடவி பாருங்க. 18 யூரோக்கு ஒரு வாரத்துக்கு காய்கறி வாங்கலாம்.

மருந்துக்கடை

மல்லி, நான் டப்ளின்ல ஃபார்மஸில வேலை பாக்குறேன், உங்கள மாதிரி கையோட வர்ற நர்ஸுங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க. முதல்ல உங்க பொண்ணோட கேள்விக்கு வர்றேன், ஏன்னா அது நல்ல கேள்வி.

முயல் கண்ணுல போட்டு பாக்குறது நிஜமா நடந்தது தான், 1944ல அமெரிக்காவுல ட்ரெய்ஸ்ங்குறவர் கொண்டு வந்த முறை, அவர் பேர்லயே ட்ரெய்ஸ் டெஸ்ட்னு சொல்வாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2004லயே செஞ்சு முடிச்ச காஸ்மெட்டிக்க மிருகங்கள் மேல டெஸ்ட் பண்றத தடை பண்ணாங்க, 2009ல உள்ள போடுற பொருளுக்கும் தடை வந்துச்சு, 2013 மார்ச் 11ல இருந்து காஸ்மெட்டிக்குக்காக வெளிநாட்ல டெஸ்ட் பண்ணி கொண்டு வந்தாலும் இங்க விக்க கூடாதுன்னு ஆச்சு. நம்ம இந்தியாவும் 2014ல டெஸ்ட்டையும் தடை பண்ணி, அப்படி டெஸ்ட் பண்ணத இறக்குமதி பண்றதையும் நிறுத்திடுச்சு. அதனால அந்த அம்மாவோட பாம முயல் மேல யாரும் போட்டு பாக்கல, அத பொண்ணு கிட்ட தைரியமா சொல்லுங்க.

ஆனா முழு பதில் அதோட முடியல, அவ வளந்து கேப்பா அதனால சொல்லிடுறேன். காஸ்மெட்டிக் சட்டம் ஒண்ணு, கெமிக்கல் சட்டம் வேற ஒண்ணு. ரீச்ன்னு ஒரு சட்டம் இருக்கு, ஃபேக்டரில அந்த ரசாயனத்த கையாளுற தொழிலாளிக்கு ஆபத்து இருக்கான்னு பாக்க அதுல சில சமயம் மிருக சோதனை கேக்குறாங்க, அதே ரசாயனம் காஸ்மெட்டிக்ல மட்டும் போறதா இருந்தாலும். இத நிறுத்த சொல்லி 12 லட்சத்துக்கு மேல ஐரோப்பிய மக்கள் கையெழுத்து போட்டு குடுத்தாங்க, 2023ல ஐரோப்பிய கமிஷன் பதில் சொல்லுச்சு, காஸ்மெட்டிக் சட்டத்த திருத்தல, மிருக சோதனைய படிப்படியா குறைக்க திட்டம் போடுறோம்னு மட்டும் சொல்லிட்டாங்க. எனக்கு அது இன்னும் ஆறல.

முயல் முத்திரைல தாவுற முயல் இருக்கு பாருங்க, லீப்பிங் பன்னி, அது வாங்கணும்னா கம்பெனி ஒரு தேதிய குறிச்சு அதுக்கப்புறம் தனக்கு பொருள் சப்ளை பண்றவங்க யாரும் டெஸ்ட் பண்ணலன்னு வருஷா வருஷம் கண்காணிக்கணும், வெளியாள் வந்து தணிக்கையும் பண்ணுவாங்க. ஒத்த ஆளா அடுப்படில செய்றவங்களுக்கு அந்த வேலை மலை மாதிரி. முத்திரை இல்லன்னா பொய்னு அர்த்தம் இல்ல. நேரா கேளுங்க, "உங்க சப்ளையர் கிட்ட எழுத்துல வாங்கி வெச்சிருக்கீங்களா"ன்னு. வெச்சிருக்குறவங்க சந்தோஷமா காட்டுவாங்க.

அப்புறம் ராகிக்கூழ், தேங்காய் எண்ணெய் தப்பில்ல, முழு தோலுக்கு நல்லது தான், ஆனா வெடிச்சு ரத்தம் வர்ற கைக்கு அது மட்டும் போதாது, சீக்கிரம் தொடச்சு போயிடும். மெழுகு மாதிரி மேல நிக்குற ஒண்ணு வேணும்.

கால்வே மல்லி

ரொம்ப நன்றிங்க, பொண்ணு கிட்ட படிச்சு காட்டினேன், ட்ரெய்ஸ்ங்குற பேர நோட்டுல எழுதிக்கிட்டா. அந்த டின்னோட அடில இருக்குறத ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தேன், அப்படியே எழுதுறேன், எனக்கு பாதி புரியல: ஹீலியான்தஸ் ஆனுவஸ், புட்டிரோஸ்பெர்மம் பார்க்கி, செரா ஆல்பா, காலெண்டுலா அஃபிசினாலிஸ், லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா, டோகோஃபெரால், ஃபியூகஸ் செரேட்டஸ், லினலூல், லிமோனின், ஜெரானியால்.

சோப்பு நுரை

நான் கார்க்ல இருக்கேன், நாலு வருஷமா வீட்ல சோப்பு செய்றேன், விக்கிறது இல்ல, வீட்டுக்கும் தெரிஞ்சவங்களுக்கும் தான். விக்காததுக்கு காரணம் சொல்றேன், அதுலயே உங்க பாதி கேள்விக்கு பதில் இருக்கு.

இந்த நாட்ல ஒரே ஒரு சோப்பு கட்டிய சந்தைல வெச்சு விக்கணும்னாலும் பெரிய கம்பெனிக்கு இருக்குற அதே சட்டம் தான். ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் தகுதி உள்ள ஒருத்தர் கிட்ட பாதுகாப்பு அறிக்கை வாங்கணும், காசு குடுத்து, வாசனைய மாத்தினா அதையும் அறிக்கைல சேக்கணும். ஐரோப்பிய போர்ட்டல்ல பதிவு பண்ணணும், பொறுப்பு ஏத்துக்குற ஆளோட பேரும் அட்ரஸும் லேபிள்ல இருக்கணும், பேட்ச் நம்பர் இருக்கணும், திறந்தா எத்தன மாசம்னு காட்டுற அந்த திறந்த டப்பா படமோ இல்ல முடியுற தேதியோ இருக்கணும். இங்க அத மேற்பார்வை பாக்குறது எச்பிஆர்ஏங்குற அரசு அமைப்பு. அதனால லேபிள்ல இதெல்லாம் ஒழுங்கா இருக்குற சின்ன கடைய பாத்தா எனக்கு மரியாதை தான் வரும், அந்த 18 யூரோல எவ்வளவு பேப்பருக்கு போயிருக்கும்னு எனக்கு தெரியும். வெறும் ஜாடில "லவ் அண்ட் லாவண்டர்"னு மட்டும் எழுதி வெச்சிருந்தா எவ்வளவு அழகா இருந்தாலும் தொடாதீங்க.

சோப்பு விஷயத்துல மட்டும் என் பேச்ச கேளுங்க, உங்க கைக்கு இப்ப எந்த சோப்பும் வேணாம், என் சோப்பா இருந்தாலும் வேணாம். எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேத்து செய்றது தான் சோப்பு, நாலு முதல் ஆறு வாரம் காய வெச்சாலும் அதோட பிஹெச், அதாவது காரத்தன்மை அளவு, 9, 10க்கு பக்கத்துல தான் நிக்கும், நம்ம தோல் 5 கிட்ட. நல்ல தோல் அத தாங்கிக்கும், வெடிச்ச தோல் தாங்காது. சுண்ணாம்புக்கல் பூமியா இருக்குற கவுண்டில தண்ணி வேற கடினம், கெட்டில்ல வெள்ளையா படியுது பாருங்க அதே சுண்ணாம்பு சோப்போட சேந்து தோல்லயும் படியும்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நிறைய பேர் சைவம், அவங்களுக்காக சொல்றேன். க்ரூயல்ட்டி ஃப்ரீ வேற, சைவம் வேற. லேபிள்ல சோடியம் டாலோவேட்னு இருந்தா அது மாட்டுக்கொழுப்பு, சூப்பர்மார்க்கெட் சோப்பு பலதுல இருக்கு. இப்ப இங்க மாட்டுக்கொழுப்புல செஞ்ச பாம் வேற ஃபேஷன் ஆகிருக்கு, லோக்கல், நேச்சுரல், டெஸ்ட் பண்ணாததுன்னு எல்லாமே உண்மையா எழுதியே விக்கலாம். ஆட்டுப்பால் சோப்புக்கு கேப்ரே லாக், கார்மைன்னா பூச்சில இருந்து எடுத்த சிவப்பு, லானோலின் செம்மறி ஆட்டு ரோமத்துல வர்ற எண்ணெய். நான் செம்பருத்தி போட்டு சிவப்பு கொண்டு வர எவ்வளவோ முயற்சி பண்ணேன், காஸ்டிக்ல பட்டதும் பழுப்பாயிடும், ஒவ்வொரு தடவையும் ஆசையோட ஊத்துவேன்.

மருந்துக்கடை

மல்லி, லேபிள் எழுதினது நல்லதாச்சு. முதல்ல இருக்குறது சூரியகாந்தி எண்ணெய், அடுத்தது ஷியா பட்டர், செரா ஆல்பா தேன்மெழுகு, அப்புறம் காலெண்டுலா, லாவண்டர் எண்ணெய், விட்டமின் ஈ. எது அதிகமோ அத முதல்ல எழுதணும், ஒரு சதவீதத்துக்கு கீழ போனதும் எந்த வரிசைலயும் எழுதலாம். உங்க கடற்பாசி, அதான் ஃபியூகஸ் செரேட்டஸ், விட்டமின் ஈக்கு அப்புறம் வருது, அதாவது பேருக்கு கொஞ்சம். இத எண்ணெய் பாம்னு பாத்தீங்கன்னா கடற்பாசியோட நல்ல குணம் பெரும்பாலும் தண்ணில கரையுறது, எண்ணெய்ல இறங்காது. டின் மேல கடற்பாசி படம் பெருசா இருந்தா அதுக்காக காசு குடுக்காதீங்க, மெழுகுக்கும் ஷியாவுக்கும் குடுங்க, வேலை செய்றது அது ரெண்டும் தான். ஷியா மேற்கு ஆப்பிரிக்காவுல விளையுறது, ஐரிஷ்னா இங்க செஞ்சதுன்னு தான் அர்த்தம், அதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல.

நல்ல விஷயம், இதுல தண்ணியே இல்ல. தண்ணி இல்லாத பாம்ல கிருமி அவ்வளவு சுலபமா வளராது, ப்ரிசர்வேட்டிவ் தேவப்படாது. தண்ணி கலந்த க்ரீம யாராவது ப்ரிசர்வேட்டிவ் இல்லன்னு பெருமையா வித்தா தான் நான் பயப்படுவேன், ரெண்டு வாரத்துல அதுல என்ன வளரும்னு சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துறது கடைசி மூணு பேரு. லினலூல், லிமோனின், ஜெரானியால் மூணும் லாவண்டர் எண்ணெய்ல இயற்கையாவே இருக்குறது. கழுவாம விடுற பொருள்ல 0.001 சதவீதத்துக்கு மேல போனா தனியா எழுதணும்னு சட்டம், ஏன்னா அலர்ஜி பண்ணும். காத்துப்பட்டு பழசாக ஆக லினலூலும் லிமோனினும் இன்னும் மோசமா மாறும். வெடிச்ச தோல் திறந்த கதவு மாதிரி, அந்த நிலைல வாசனை எண்ணெய் உள்ள போனா அலர்ஜி புதுசா உருவாகி ஆயுசுக்கும் நிக்கலாம். எங்க கடைக்கு வந்த ஒரு நர்ஸ் டீ ட்ரீ எண்ணெய் இயற்கை தானேன்னு நேரா தடவி ரெண்டு கையும் வீங்கி வந்தாங்க. வாசனை இல்லாதது இருக்கான்னு அந்த அம்மா கிட்ட கேளுங்க, பல பேர் குழந்தைங்களுக்குன்னு செஞ்சு வெச்சிருப்பாங்க.

நீங்க நர்ஸுங்குறதால ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், இந்த மாதிரி எண்ணெய் பாம டூட்டில போடாதீங்க. லேடெக்ஸ் க்ளவ்ஸ் எண்ணெய் பட்டா பலம் போயிடும், ஓட்டை விழுந்தா உங்களுக்கும் தெரியாது. ஷிஃப்ட்ல ஹாஸ்பிடல் குடுக்குற வாசனை இல்லாத க்ரீம், வீட்டுக்கு வந்து படுக்கும்போது பாம், மேல பருத்தி கையுறை. ஆக்குபேஷனல் ஹெல்த்ல, அதான் ஊழியர் உடல்நலத்த பாக்குற பிரிவுல, உங்க கைய காட்டி பதிவு பண்ணிடுங்க, வெக்கப்படாதீங்க, இது வேலையால வந்த நோய். எத வாங்கினாலும் முழங்கை உள் பக்கம் ஒரு காசு அளவு இடத்துல காலைலயும் ராத்திரியும் ஏழு முதல் பத்து நாள் தடவி பாத்துட்டு அப்புறம் கைக்கு போங்க.

ராகிக்கூழ்

டாலோவேட் விஷயம் எனக்கு தெரியவே தெரியாது. எங்க அம்மா ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் எங்களோட இருந்தாங்க, அவங்க முட்டை கூட தொடமாட்டாங்க, இப்ப பாத்ரூம்ல போய் சோப்பு கவர திருப்பி பாத்தேன், முதல் பேரே அது தான். மனசு கஷ்டமாயிடுச்சு. சோப்பு நுரை அக்கா, மாட்டுக்கொழுப்பு இல்லாத சோப்புக்கு லேபிள்ல என்ன பேரு இருக்கும்?

சோப்பு நுரை

சோடியம் ஆலிவேட்னா ஆலிவ், சோடியம் கோக்கோயேட்னா தேங்காய், சோடியம் பாமேட்னா பாமாயில் தம்பி. பாமாயிலும் வேணாம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, காட்ட அழிச்சு தோட்டம் போடுறதால. கிழக்கு க்ளேர்ல பாம் ஃப்ரீ (பாமாயில் இல்லாத) ஐரிஷ் சோப்னே ஒரு சின்ன கம்பெனி இருக்கு, பேர்லயே சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு தெரியாம நடந்தது, விடுங்க, அடுத்த தடவ வரும்போது நல்லதா வாங்கி வைங்க.

வடமராட்சி

நான் ஸ்லைகோவில இருக்கிறன். கடற்பாசி வேலை செய்யாது எண்டு அப்பிடியே விட்டிடாதேங்கோ, பாம்ல இல்லாட்டி என்ன, தண்ணியில போட்டால் அது வேற சங்கதி. இங்க எனிஸ்க்ரோன்ல 1912ல துவங்கின கடற்பாசி குளியல் வீடு இப்பவும் நடக்குது, பழைய பெரிய பீங்கான் தொட்டி, சுடு கடல்தண்ணி, அதுக்குள்ள நீங்கள் சொன்ன அதே ஃபியூகஸ் செரேட்டஸ அள்ளிப் போடுவினம். கொஞ்ச நேரத்தில தண்ணியே எண்ணெய் மாதிரி வழவழப்பாகிடும், பாசியில இருந்து வாற அந்தப் பசை தான். முதல் தரம் போகேக்க எனக்கு அருவருப்பாத்தான் இருந்தது, வெளியில வந்தாப் பிறகு தோல் பட்டு மாதிரி இருந்தது, ரெண்டு நாளைக்கு அப்பிடியே நிண்டது. ஸ்ட்ராண்ட்ஹில்லில வோயா எண்ட கம்பெனியும் இருக்கினம், அவையும் கடற்பாசியில தான் எல்லாம் செய்யினம்.

ஆனா தங்கச்சி, கையில வெடிப்பு இருக்கேக்க போகாதேங்கோ, உப்புத்தண்ணி எரிக்கும். தைராய்டு வருத்தம் இருக்கிற ஆக்களும் டொக்டரக் கேட்டிட்டுப் போறது நல்லம், பாசியில அயோடின் கனக்க இருக்கு.

மருந்துக்கடை

வடமராட்சி அண்ணா சொல்றது சரி, குளியல்ல அது வேற மாதிரி தான். நான் இன்னும் போனதில்ல, போகணும்.

கால்வே மல்லி

எல்லாரும் சொன்னத வெச்சு நாலு வாரம் கழிச்சு எழுதுறேன், நடுவுல நைட் டூட்டி வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

அந்த அம்மாவுக்கு மெயில் போட்டேன், பொண்ணு பக்கத்துல உக்காந்து அவ கேள்விய அவளே டைப் பண்ணா. அடுத்த நாளே பதில் வந்துச்சு, எவ்வளவு நீளம்! சூரியகாந்தி எண்ணெய், ஷியா, விட்டமின் ஈ மூணுக்கும் சப்ளையர் எழுதி குடுத்த கடிதத்த அனுப்பிருந்தாங்க. லாவண்டர் எண்ணெய்க்கு கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் வரல, அது வர்ற வரைக்கும் அட்டைல க்ரூயல்ட்டி ஃப்ரீன்னு போடுறது சரியா இல்லையான்னு தனக்கே உறுத்தலா இருக்கு, அடுத்த தடவ அச்சடிக்கும்போது மாத்தி எழுதுறேன்னு அவங்களாவே சொன்னாங்க. எனக்கு அந்த ஒரு வரில தான் நம்பிக்கை வந்துச்சு. தேன்மெழுகு அவங்க தம்பி வளக்குற தேனீ கிட்ட இருந்து வருதாம், குளிர்காலத்துக்கு தேனீக்கு வேணுங்குற தேன விட்டுட்டு தான் எடுப்பாங்களாம். பாதுகாப்பு அறிக்கை இருக்கான்னு கேட்டதுக்கு எந்த வருஷம் யார் கிட்ட வாங்கினதுன்னு சொன்னாங்க.

வாசனை இல்லாத பாம் இருக்கு, மருந்துக்கடை சொன்ன மாதிரியே குழந்தைங்களுக்குன்னு செஞ்சது, 16 யூரோ, சூரியகாந்தியும் ஷியாவும் மெழுகும் விட்டமின் ஈயும் மட்டும் தான். முழங்கைல எட்டு நாள் தடவினேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் பதிமூணு ராத்திரியா கைக்கு போட்டு கையுறை மாட்டிட்டு தூங்குறேன். கட்டைவிரல் ரெண்டும் மூடிடுச்சு, இடது கை ஆள்காட்டி விரல் கணுல மட்டும் ஒரு கோடு இன்னும் இருக்கு, ஜெல் பட்டா சுர்ருங்குது, ஆனா ரத்தம் இல்ல. பாமால மட்டும்னு சொல்ல மாட்டேன், ஆக்குபேஷனல் ஹெல்த்ல காட்டினேன், அவங்க வேற க்ளவ்ஸ் மாத்தி குடுத்தாங்க, டூட்டில போட வாசனை இல்லாத க்ரீமும் குடுத்தாங்க, எல்லாம் சேந்து தான். சோப்பு வாங்கல அக்கா, நீங்க சொன்னத கேட்டுட்டேன்.

ராகிக்கூழ், டின்ல கால்வாசி கூட குறையல, ரொம்ப கொஞ்சமா தொட்டாலே போதுது, நாலு மாசத்துக்கு மேல வரும்னு தோணுது.

பொண்ணுக்கு தனியா ஒரு கார்டு எழுதி பார்சல்ல வெச்சிருந்தாங்க, கைல வரைஞ்ச ஒரு தேனீ, கீழ "நல்லா கேட்ட, எல்லார் கிட்டயும் இப்படியே கேளு"ன்னு. அத அவ படுக்க பக்கத்துல செவுத்துல ஒட்டி வெச்சிருக்கா. இந்த சனிக்கிழமை அவளையும் மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போறேன். சோப்பு நுரை அக்கா, உங்களுக்கு ஒரு டின் வாங்கி போஸ்ட் பண்றேன், அட்ரஸ் தனி மெசேஜ்ல அனுப்புங்க.